இருபது நிமிடத்தில் சரியாகிவிட்டது, இனி மருத்துவமனை எதற்கு?

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து எழுதியிருக்கும் சகோதரிக்கு வணக்கம். நீங்கள் சொன்னவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். அப்பாவுக்கு வயது 57. பத்து ஆண்டுகளாக இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. ரத்த அழுத்த மாத்திரையை நினைவு வந்தால் போட்டுக்கொள்வார். புகை பிடிப்பார். நேற்றுக் காலை ஆறரை மணிக்குத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது வலது கையிலிருந்து குவளை நழுவி விழுந்தது, வாய் ஒரு பக்கம் கோணியது, தண்ணீர் கேட்க வாயெடுத்தவர் "சாவி, சாவி" என்றார். பெரியம்மா ஊசியால் அவர் விரல் நுனிகளைக் குத்தி ரத்தம் எடுத்தார். இருபது நிமிடத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. ஊசி குத்தியதால்தான் சரியானதா, பெரியம்மா சாப்பிடும் இதய மாத்திரையில் தினம் ஒன்று கொடுக்கலாமா, கழுத்து நரம்பை நீவிவிடுபவரிடம் அழைத்துப் போகலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் கீழே, போகிற போக்கில் சொல்வதுபோல, "அப்பா திங்கட்கிழமை வேலைக்குப் போகிறேன் என்கிறார், அடுத்த மாதம் கிளினிக்கில் பரிசோதனை இருக்கிறது, அப்போது சொன்னால் போதும்தானே" என்று ஒரு வரி இருக்கிறது. உங்களை எழுத வைத்தது அந்த வரிதான் என்று நினைக்கிறேன். நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் மனிதரை எதற்காக மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போவது? உங்கள் உண்மையான கேள்வி இதுதான்.

அடுத்த மாதம் வரை காத்திருக்க முடியாது. திங்கட்கிழமை வரைக்கும்கூட முடியாது. இன்றே, சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அவரை அழைத்துப் போங்கள். இதன் மீதிப் பகுதியை அங்கே காத்திருக்கும்போது படித்துக்கொள்ளலாம்.

நான் மருத்துவர் அல்ல. 29 ஆண்டுகள் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் பெரும்பகுதி பினாங்கில் பக்கவாதம், வலிப்பு, தலைக்காயம் என்று மூளை பாதிக்கப்பட்டு வருகிறவர்கள் படுத்திருக்கும் வார்டுகளில் கழிந்தது. பார்க்காத ஒருவருக்கு இன்ன நோய் என்று முடிவு சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் அந்த வார்டுகளில் ஒரு வாக்கியத்தை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பக்கவாதம் வந்து ஒருவரைப் படுக்கையில் கொண்டுவந்து போட்டபின், குடும்பத்தாரிடம் விவரங்களைக் குறித்துக்கொள்வது எங்கள் வேலை. "இதற்கு முன் இப்படி ஏதாவது வந்ததா?" என்று கேட்பேன். முதலில் இல்லை என்பார்கள். பிறகு மனைவி மகனைப் பார்ப்பார், மகன் தரையைப் பார்ப்பான். "போன வாரம் கொஞ்ச நேரம் கை மரத்துப்போனது சிஸ்டர், ஆனால் தானாகவே சரியாகிவிட்டது." எல்லாருக்கும் இப்படி முன்னறிவிப்பு வருவதில்லை. பெரும்பாலானோருக்கு எந்த அறிகுறியும் இல்லாமல்தான் நேராக அடி விழுகிறது. முன்னறிவிப்பு கிடைத்தும் வீணாய்ப்போனவர்களின் முகங்கள் மட்டும் எனக்கு இன்னும் மறக்கவில்லை. உங்கள் அப்பா இன்று அந்த "போன வார"த்துக்குள் இருக்கிறார் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இப்படி வந்து போவதை டி.ஐ.ஏ. என்பார்கள், மினி ஸ்ட்ரோக் என்றும் சொல்வதுண்டு. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் ஒன்றில் சிறு ரத்தக் கட்டி வந்து அடைத்துக்கொள்கிறது. அந்தக் குழாயை நம்பியிருக்கும் மூளைப்பகுதி அந்த நொடியே வேலையை நிறுத்துகிறது. கட்டி தானாகக் கரைந்தோ நகர்ந்தோ போனால் ரத்தம் மீண்டும் பாய்கிறது, அந்தப் பகுதி விழித்துக்கொள்கிறது. பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கட்டி கரையாமல் அங்கேயே நின்றுவிட்டால் அதற்குப் பெயர்தான் பக்கவாதம். இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றே. ஆறரை மணிக்கு உங்கள் வீட்டுச் சமையலறையில் நின்ற யாராலும் இது எந்தப் பக்கம் போகும் என்று சொல்லியிருக்க முடியாது, என்னாலும் முடியாது. பெரியம்மா பயந்து கையில் கிடைத்த ஊசியை எடுத்ததில் தவறு காண மாட்டேன்.

நீங்கள் எழுதியதில் எனக்கு மிகவும் கவலை தந்தது அந்தச் "சாவி". நாக்கு தடித்துக் குழறுவது ஒன்று, நினைத்த சொல்லுக்குப் பதில் வேறு சொல் வருவது வேறு. குழறல் பல காரணங்களால் வரும். தண்ணீர் என்று மனத்தில் இருக்க வாயில் சாவி வருகிறது என்றால், மொழியைக் கையாளும் மூளைப்பகுதியே தடுமாறியிருக்கிறது. வலது கைப் பழக்கம் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அந்தப் பகுதி இடப்பக்க மூளையில் இருக்கிறது. உடலின் வலது பாதியை இயக்குவதும் அதே இடப்பக்க மூளைதான். வலது கை, வாய், சொல் மூன்றும் ஒரே நேரத்தில் போனதென்றால் மூன்றுக்கும் பொதுவான ஓரிடத்தில் தடை வந்தது என்று எண்ணுவதே இயல்பு. மருத்துவரிடம் "பேச்சு குழறியது" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். தண்ணீருக்குச் சாவி என்றார் என்று நடந்தபடியே சொல்லுங்கள். அந்த ஒரு சொல் அவர்களுக்குப் பெரிய துப்பு.

இருந்தாலும் இது டி.ஐ.ஏ.தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். இதே வேடம் போடும் வேறு சில உண்டு. ரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கிப்போனால் ஒரு பக்கம் கை கால் விழுந்து பேச்சும் குழம்பும். ஒரு தைப்பூசக் காலத்தில் விரதமிருந்த அம்மா ஒருவரை இப்படித்தான் கொண்டுவந்தார்கள். சாப்பாடு ஒரு வேளை, இனிப்பு நீர் மாத்திரை மட்டும் வழக்கம்போல இரண்டு வேளை. வலப்பக்கம் துவண்டு, கண் சொருகியிருந்தது. சர்க்கரை 2.1 மில்லிமோல் என்று காட்டியது, மிகவும் குறைவு. ரத்தக் குழாயில் குளுக்கோஸ் ஏற்றிய சில நிமிடங்களில் எழுந்து உட்கார்ந்து, தண்ணீர்மலை முருகன் கோயிலில் செலுத்தவேண்டிய பால்குடம் என்னாயிற்று என்று கேட்டார். வலிப்பு வந்து ஓய்ந்தபின் சிலருக்குக் கொஞ்ச நேரம் ஒரு பக்கம் பலமில்லாமல் இருக்கும். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் கை மரத்துப் பேச்சு தடுமாறலாம், ஆனால் அது பெரும்பாலும் மெல்ல மெல்ல விரலிலிருந்து முகத்துக்குப் பரவும், கண்முன் மின்னல் கோடுகள் நெளியும். உங்கள் அப்பாவுக்கு எல்லாம் ஒரே நொடியில் போனது, எதுவும் பரவவில்லை, எதுவும் மின்னவில்லை. வயது, இனிப்பு நீர், ரத்த அழுத்தம், புகை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் என் மனம் ரத்தக் குழாய் பக்கமே சாய்கிறது. இது அனுபவத்தின் சாய்வு, அவ்வளவுதான். பரிசோதனைதான் முடிவு சொல்லவேண்டும்.

வாய் கோணியது என்றதும் "காற்று பட்டிருக்கும்" என்று உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் நினைப்பது முக நரம்பு வாதமாக இருக்கலாம். அதுவும் உண்மையான நோய்தான், அதில் மூளைக்குப் பாதிப்பு இல்லை, முகத்தை அசைக்கும் நரம்பு மட்டும் வீங்கிச் செயலிழக்கிறது. இரவு வேலை முடிந்து தொழிற்சாலை பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கி வந்த இளைஞன் ஒருவன் விடிந்ததும் வாய் கோணி, அழுதுகொண்டே எங்களிடம் வந்தான். அவனை நெற்றியைச் சுருக்கச் சொன்னோம். செயலிழந்த பக்கத்து நெற்றியில் ஒரு மடிப்பும் விழவில்லை, அந்தப் பக்கக் கண்ணும் மூடவில்லை. நரம்பு பாதிக்கப்பட்டால் நெற்றியிலிருந்து தாடை வரை முகத்தின் அந்தப் பாதி முழுவதும் செயலிழக்கும். மூளை பாதிக்கப்பட்டால் பெரும்பாலும் முகத்தின் கீழ்ப்பாதி மட்டுமே கோணும், நெற்றி சுருங்கும், ஏனென்றால் நெற்றிக்கு மூளையின் இரு பக்கங்களிலிருந்தும் கட்டளை வருகிறது. முக நரம்பு வாதத்துக்கும் முதல் மூன்று நாட்களுக்குள் மருந்து தொடங்குவது நல்லது. ஆனால் அது இருபது நிமிடத்தில் போகாது, வாரக்கணக்கில் ஆகும். கையையும் தொடாது, சொல்லையும் மாற்றாது. ஆகவே உங்கள் அப்பாவுக்கு வந்தது அது இல்லை என்பதை ஓரளவு உறுதியாகவே சொல்லலாம்.

இனி ஊசி. விரல் நுனியையும் காது மடலையும் குத்தி ரத்தம் எடுத்தால் பக்கவாதம் நின்றுவிடும் என்ற செய்தி பல ஆண்டுகளாகக் கைப்பேசியில் சுற்றி வருகிறது. முதலில் மின்னஞ்சலில் வந்தது, இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது, எழுத்து மட்டும் மாறவில்லை. மூளைக் குழாயில் நிற்கும் கட்டிக்கும் விரலில் வரும் இரண்டு சொட்டு ரத்தத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. பிறகு ஏன் சரியானது? தானாகச் சரியாக இருந்தது, அதனால் சரியானது. அந்த இருபது நிமிடத்தில் பெரியம்மா விபூதி பூசியிருந்தால் விபூதிக்கும், இஞ்சிச் சாறு கொடுத்திருந்தால் இஞ்சிக்கும் பெயர் போயிருக்கும். பத்து விரல்களிலும் சிவப்புப் புள்ளிகளோடு வந்த நோயாளிகளை நான் கழுவித் துடைத்திருக்கிறேன். அந்தப் புண்களால் பெரிய கெடுதல் வந்ததில்லை. குத்திவிட்டு, ரத்தம் வந்துவிட்டது, இனிச் சரியாகும் என்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த நேரம்தான் கெடுத்தது. விரலைக் குத்தித்தான் ஆகவேண்டுமென்றால் சர்க்கரை அளக்கும் கருவிக்காகக் குத்துங்கள். வீட்டில் அந்தக் கருவி இருந்தால் அந்த எண்ணைக் குறித்துவைப்பது மிகவும் உதவும்.

பெரியம்மாவின் மாத்திரை எது என்று நீங்கள் பெயர் சொல்லவில்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின் வகையாக இருக்கலாம். இந்த இடத்தில் விஷயம் கொஞ்சம் சிக்கலானது, அதனால் பொறுமையாகச் சொல்கிறேன். பக்கவாதங்களில் ஏறத்தாழ 85 விழுக்காடு அடைப்பால் வருபவை, மீதி ரத்தக் குழாய் வெடித்துக் கசிவதால் வருபவை. அடைப்புக்கு ஆஸ்பிரின் நல்ல மருந்து. கசிவுக்கு அதுவே கேடு. இரண்டையும் வெளியே நின்று பார்த்து வேறுபடுத்த முடியாது, சி.டி. ஸ்கேன்தான் சொல்லும். அறிகுறிகள் முழுவதும் மறைந்தபின் உடனே ஆஸ்பிரின் கொடுக்கச் சொல்லும் மருத்துவ வழிகாட்டிகளும் இருக்கின்றன, அதை மறைக்கமாட்டேன். ஆனால் அந்த முடிவை எடுப்பவர் அவரைச் சோதித்த மருத்துவராக இருக்கவேண்டும். கை விழுந்த நிலையிலேயே இருக்கும் ஒருவருக்கு ஸ்கேனுக்கு முன் வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது, விழுங்கும் சக்தியும் போயிருக்கலாம், மாத்திரையும் தண்ணீரும் நுரையீரலுக்குள் போய்விடும். பெரியம்மாவின் மாத்திரை இதயத்துடிப்பைக் குறைப்பதாகவோ ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்குவதாகவோ இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். மூளைக்கு ரத்தம் தட்டுப்படும் வேளையில் அழுத்தத்தை அவசரமாக இறக்குவது ஆபத்து. கொடுக்காதீர்கள்.

கழுத்தை நீவிவிடுவது பற்றி ஒரே பதில்: வேண்டாம். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்கள் கழுத்து வழியாகத்தான் ஏறுகின்றன. இனிப்பு நீரும் புகையும் உள்ளவருக்கு அந்தக் குழாயின் உட்சுவரில் கொழுப்புப் படலம் தடித்திருக்கலாம், நேற்று வந்த கட்டியே அங்கிருந்து உதிர்ந்ததாக இருக்கலாம். கழுத்தை முறுக்கிச் சொடுக்கிய பிறகு குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. சொடுக்கியதால்தான் கிழிந்ததா, ஏற்கெனவே கிழிந்த வலிக்காகத்தான் சொடுக்கப் போனார்களா என்று நிபுணர்களிடையே விவாதம் இருக்கிறது. விவாதம் முடியும்வரை உங்கள் அப்பாவின் கழுத்தை யாரும் தொடவேண்டாம்.

ஏன் இன்றே என்று அப்பா கேட்பார். அவருக்குச் சொல்ல இரண்டு கணக்குகள் தருகிறேன். 2000ஆம் ஆண்டில் வெளியான கலிபோர்னிய ஆய்வு ஒன்றில், டி.ஐ.ஏ. வந்து அவசரப் பிரிவுக்கு வந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு மூன்று மாதத்துக்குள் முழுப் பக்கவாதம் வந்தது. அந்தப் பாதிப்புகளில் பாதி முதல் இரண்டே நாளில் வந்தது. உங்கள் அப்பாவுக்கு அந்த இரண்டு நாளில் ஒரு நாள் ஏற்கெனவே கழிந்துவிட்டது. இரண்டாவது கணக்கு நல்ல செய்தி. 2007இல் ஆக்ஸ்ஃபோர்டில், காத்திருக்கவைத்துப் பார்த்த காலத்தையும் உடனுக்குடன் பார்த்து மருந்து தொடங்கிய காலத்தையும் ஒப்பிட்டார்கள். மூன்று மாதத்துக்குள் பக்கவாதம் வந்தவர்கள் 10.3 விழுக்காட்டிலிருந்து 2.1ஆகக் குறைந்தார்கள். அபூர்வ மருந்து எதுவும் இதில் இல்லை. ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள், கொழுப்பைக் குறைப்பது, ரத்த அழுத்தத்தைச் சீராக்குவது என்று எந்த அரசாங்க மருத்துவமனையிலும் கிடைப்பவைதான். அவற்றை அன்றே தொடங்கினார்கள், வேறுபாடு அங்கேதான் இருந்தது. இவை பிற நாட்டுக் கணக்குகள், நம் ஊரில் எண்கள் கொஞ்சம் மாறலாம். 2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, அவர்களில் இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். அதனால் நம்முடைய நிலை அந்நாட்டவர்களைவிட மேலாக இருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

மருத்துவமனையில் என்ன நடக்கும் என்று தெரிந்தால் அப்பாவுக்குப் பயம் குறையலாம். சர்க்கரை பார்ப்பார்கள், ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், கை கால்களைத் தூக்கச் சொல்வார்கள், இ.சி.ஜி. எடுப்பார்கள். இ.சி.ஜி. எதற்கு, எனக்கு நெஞ்சு வலி இல்லையே என்று பலர் கேட்டிருக்கிறார்கள். இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் படபடத்தால் அங்கே ரத்தம் தேங்கி உறைந்து, கட்டியாகி மூளைக்குப் போகும். அந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு, அதற்கு ஆஸ்பிரின் போதாது, வேறு வகை மருந்து வேண்டும். சிலருக்கு அது வந்து வந்து போகும் என்பதால் ஒரு நாள் முழுக்கவோ அதற்கு மேலோ கருவியைக் கட்டி அனுப்புவார்கள். பிறகு சி.டி., முடிந்தால் எம்.ஆர்.ஐ., கழுத்துக் குழாய்களுக்கு அல்ட்ராசவுண்ட். கழுத்துக் குழாய் 70 விழுக்காட்டுக்கு மேல் அடைத்திருந்தால் இரண்டு வாரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்வது பெரிய பலன் தரும். அடுத்த மாதக் கிளினிக்குக்குக் காத்திருந்தால் அந்த இரண்டு வாரமும் போய்விடும்.

சி.டி. ஸ்கேன் "நார்மல்" என்று சொன்னால் தயவுசெய்து பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். டி.ஐ.ஏ. வந்தவருக்கு சி.டி. பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும், அதை எடுப்பதே முக்கியமாக ரத்தக் கசிவு இல்லை என்று தெரிந்துகொள்வதற்காக. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால், முழுவதும் சரியாகிவிட்டவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மூளையில் சிறு தழும்பு தெரியும். "நார்மல்" என்ற சொல்லைக் கேட்டதும் மருத்துவர் அடுத்துச் சொல்ல வந்ததைக் கேட்காமலே வீட்டுக்குப் போன குடும்பங்களை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. மாத்திரை என்ன, எத்தனை நாள், அடுத்து எந்தப் பரிசோதனை, எந்தத் தேதி என்று நான்கையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். ஆஸ்பிரினோடு இரண்டாவது மாத்திரை ஒன்று சேர்த்து மூன்று வாரத்துக்குக் கொடுப்பது இப்போது பலருக்கும் வழக்கம். அதை நாமாக நீட்டிக்கக்கூடாது, நாட்கள் கூடினால் ரத்தக் கசிவு ஆபத்து கூடுகிறது. நாமாக நிறுத்தவும் கூடாது.

இப்போது நான் மிகவும் அஞ்சுவதைச் சொல்கிறேன். முதல் முறை தானாகச் சரியானது வீட்டில் எல்லாருக்கும் காத்திருக்கக் கற்றுக்கொடுத்துவிடும். மறுபடி குவளை நழுவினால், "அன்றைக்கும் இப்படித்தான், இருபது நிமிடம் பொறு" என்று யாராவது சொல்வார்கள். பெரிய குழாய் அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கட்டியைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ் ஊசியை, அறிகுறி தொடங்கிய நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும், அதிலும் முந்திப் போட்டால் பலன் அதிகம். பெரிய குழாய்க்குள் கம்பி விட்டுக் கட்டியை வெளியே இழுக்கும் சிகிச்சை ஆறு மணி நேரம் வரை, தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரை செய்கிறார்கள், ஆனால் அது எல்லா மருத்துவமனையிலும் கிடைக்காது. ஆகவே மறுபடி வந்தால் அது போகுமா போகாதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் அவசர எண் 999க்கு அழையுங்கள். பெரியம்மாவிடமும் இதைச் சொல்லிவையுங்கள், அவர்தான் பகலில் அப்பாவோடு வீட்டில் இருப்பவர் என்று எழுதியிருந்தீர்கள்.

அழைத்தவுடன் செய்யவேண்டியது ஒன்று: மணியைப் பார்த்து எழுதுங்கள். எப்போது கவனித்தீர்கள் என்பதைவிட, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதே மருத்துவர்களுக்குத் தேவை. காலை ஏழு மணிக்கு எழும்போதே கை விழுந்திருந்தால் தொடக்கம் ஏழு மணி இல்லை, இரவு படுக்கப்போன நேரம். ஒரு பெரியவரை மதியம் கொண்டுவந்து "இப்போதுதான் சிஸ்டர்" என்றார்கள். விசாரிக்க விசாரிக்க, அதிகாலை ஐந்து மணிக்குக் குளியலறைக்குப் போனபோதே கால் இழுத்துக்கொண்டு நடந்தார் என்று பேத்தி சொன்னாள், பன்னிரண்டு வயதுக் குழந்தை. ஊசி போடும் நேரம் தாண்டிப்போயிருந்தது. பொய்யான நேரத்தை நம்பிப் போட்டிருந்தால் மூளைக்குள் கசிந்து இன்னும் பெரிய கேடு வந்திருக்கும். அந்தக் குழந்தை உண்மையைச் சொன்னதால் அவர் உயிர் பிழைத்தார் என்றே நான் நினைக்கிறேன். கை மட்டும் திரும்பவில்லை.

எந்த மருத்துவமனை என்று கேட்டால், பினாங்குத் தீவிலுள்ள பொது மருத்துவமனையில் நரம்பியல் துறை இருக்கிறது, ஆனால் பெருநிலத்தில் இருக்கும் நீங்கள் அதற்காகப் பாலம் கடந்து வரவேண்டியதில்லை. செபராங் ஜெயாவில் உங்களுக்கு அருகிலேயே அரசாங்க மருத்துவமனை இருக்கிறது. தேவைப்பட்டால் அங்கிருந்து மாற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு. தெருமுனைக் கிளினிக்கில் காட்டிவிட்டுப் போகலாம் என்று ஒரு மணி நேரத்தைக் கழிக்காதீர்கள், அங்கே ஸ்கேன் இல்லை.

அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது? இதற்குப் பாடப்புத்தகத்தில் பதில் இல்லை, நான் பார்த்ததைச் சொல்கிறேன். அவர் வயதுடைய நம் ஆண்களிடம் "உங்கள் உடம்புக்காக வாருங்கள்" என்றால் வரமாட்டார்கள். தங்கள் உடம்பைக் குடும்பத்தின் செலவுக் கணக்கில்தான் எழுதிவைத்திருப்பார்கள். உங்கள் அப்பா தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் பஸ் ஓட்டுநர். திங்கட்கிழமை காலை நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு பினாங்குப் பாலத்தின் நடுவில் போகும்போது வலது கை மறுபடி நழுவினால் என்ன ஆகும் என்று ஒருமுறை கேளுங்கள். மிரட்டுவதாக வேண்டாம், மெதுவாகக் கேளுங்கள். தனக்கு வருவதைத் தாங்கிக்கொள்வேன் என்பவர்கள், தன்னை நம்பி ஏறியவர்களுக்கு வருவதைத் தாங்கமாட்டார்கள். பஸ் ஓட்டும் உரிமத்துக்கு மருத்துவத் தகுதி வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். மருத்துவர் சம்மதிக்கும்வரை பஸ்ஸும் கூடாது, மோட்டார் சைக்கிளும் கூடாது. அது எத்தனை நாள் என்பதை அவருடைய பரிசோதனை முடிவுகளைப் பார்த்து மருத்துவர்தான் சொல்லவேண்டும். எம்.சி. என்னும் மருத்துவ விடுப்புச் சான்றைக் கேட்டு வாங்கி முதலாளியிடம் நீங்களே கொடுங்கள், அவர் வாயால் விடுப்புக் கேட்கவிடாதீர்கள். செலவைப் பற்றிச் சொன்னால், அரசாங்க மருத்துவமனையில் குடிமக்களுக்கு வெளிநோயாளிப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்) என்று நினைவுபடுத்துங்கள்.

புகையைப் பற்றி இன்று சண்டை போடவேண்டாம். மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும்போது மருத்துவரே அதைத் தொடங்குவார், பயம் புதிதாக இருக்கும் அந்த நாட்களில் நிறுத்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அரசாங்கச் சுகாதார கிளினிக்குகளில் புகையை நிறுத்த உதவும் பிரிவுகளும் உண்டு. ரத்த அழுத்த மாத்திரை விஷயத்தில் மட்டும் நீங்கள் கண்டிப்பாக இருக்கலாம், அது அவர் பொறுப்பில் இனி இருக்கவேண்டாம், உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். விரதம் இருக்கவேண்டுமென்றால் ஒரு வாரம் முன்பே கிளினிக்கில் கேட்டு மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். முருகன் பெயரைச் சொல்லி மாத்திரையை நிறுத்தி, பூசம் முடிந்த வாரத்தில் வார்டுக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

கிளம்பும்போது அடையாள அட்டை, கிளினிக் அட்டை, அவர் போடும் எல்லா மாத்திரைகளும் அட்டையோடு அப்படியே ஒரு பையில், நேற்று நடந்ததன் நேரம் எழுதிய தாள் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நடந்ததைக் கண்ணால் பார்த்தவர் கூட வரவேண்டும், அதனால் பெரியம்மாவையும் அழைத்துப்போங்கள். ஊசி குத்தியதைச் சொல்ல அவர் கூச்சப்படவேண்டாம், யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள். போகும் வழியில் கை மறுபடி துவண்டாலோ சொல் மாறினாலோ வண்டியை ஓரம் நிறுத்தி 999க்கு அழைத்து, பக்கவாதம் என்ற சொல்லைத் தெளிவாகச் சொல்லுங்கள். காரை நீங்களோ உங்கள் தம்பியோ ஓட்டுங்கள். முப்பது ஆண்டு பஸ் ஓட்டியவர், சாவியைக் கொடு நானே ஓட்டுகிறேன் என்பார். கொடுக்காதீர்கள்.